சுமேரியரின் களிமண் ஏடுகள்

களனி கங்கையின் இரு மருங்கும் படிந்த வண்டலைக் குழைத்துச் செங்கல் அறுத்துச் சூளையிடுதல் அப்பகுதி மக்கள் நெடுங்காலமாய்ச் செய்துவந்த தொழிலாகும். அம் மண்ணினால் வீடு கட்டினர், விகாரை கட்டினர், சட்டியும் பானையும் வனைந்தனர். எழுதுதற்கு மட்டும் அவர்கள் மண்ணை நாடினாரல்லர். தாளிப்பனை ஓலை அவர்களுக்கு எளிதிற் கிடைத்தது. வடபுலத்துத் தமிழருக்குப் பனையோலை இருந்தது. இற்றைக்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்த் தைகிரீசு, யூபிரட்டீசு என்னும் இரு பேராறுகளுக்கிடையே, இன்றைய ஈராக்கின் தென்பாகத்தில் வாழ்ந்த சுமேரியருக்கோ எழுதத்தக்க ஓலையும் இல்லை, கல்லும் அரிது, நன்மரமும் அரிது. ஆறு கொணர்ந்த களிமண்ணே அவர்களுக்கு எல்லாமாயிற்று. ஒரே மண்ணினால் அவர்கள் செங்கல்லும் செய்தனர், நூலும் செய்தனர்.

சுமேரியர் என்னும் பெயரைத் தமிழர் அறியாதவர் அல்லர். ஆயின் அப்பெயரைக் கேட்டவுடன் அவர் உள்ளத்தில் எழும் வினா பெரும்பாலும் ஒன்றே: சுமேரியர் தமிழரோ? ஆங்கில வரலாற்றாசிரியர் எச். ஆர். ஹால் 1913 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், சுமேரியச் சிற்பங்களிற் காணும் முகச்சாயல் தென்னிந்தியத் திராவிடரின் சாயலை ஒத்தது என எழுதினார். பம்பாயில் ஆராய்ச்சி நடத்திய ஹெராஸ் பாதிரியார் 1953 இல் வெளிவந்த தமது பெருநூலில் சிந்துவெளியையும் மத்தியதரைக் கடல் நாடுகளையும் ஒரே நாகரிகத் தொடர்பிற் பிணைத்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த ஆ. சதாசிவம் அவர்கள் 1965 இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலொன்றிலே சுமேரியமும் திராவிட மொழிகளுள் ஒன்றே என நிறுவ முயன்றார். சுமேரியரின் தலைநகர்களுள் ஒன்றன் பெயர் 'ஊர்' என்று வழங்குவதே பலருக்குப் போதிய சான்றாகத் தோன்றியது.

இக்கொள்கையை மொழியியலாளர் பொதுவாக ஏற்றிலர். அந்நகரின் பெயரைச் சுமேரியர் 'ஊரிம்' என்றே வழங்கினர். நகரத்தைக் குறிக்கும் அவர்தம் பொதுச் சொல் 'உரு' அல்லது 'இரி' என்பது. அது தமிழ்ச் சொல்லை ஒத்திருப்பது மெய்யே. தாயை அவர்கள் 'அம' என்றதும் தந்தையை 'அத' என்றதும் மெய்யே. எனினும் இத்தகைய குறுஞ்சொற்கள் உறவற்ற மொழிகளிலும் தம்முள் ஒத்து வருவதுண்டு. இரண்டும் ஒட்டுநிலை மொழிகள் எனின், துருக்கியமும் யப்பானியமும் அவ்வாறே. வேறுபாடோ அடிப்படையிலேயே உள்ளது. தமிழ் வினை தன் காலத்தையும் இடத்தையும் பாலையும் ஈற்றிலே ஏற்கும். சுமேரிய வினையோ முன்னொட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாய்ச் சங்கிலிபோல் முதலிலே கோத்துக்கொள்ளும். ஆதலின் ஆய்வாளர் பெரும்பாலோர் சுமேரியத்தை இனமில்லாத் தனிமொழி என்றே வைத்துள்ளனர். உறவு தேடுவோர் பலராயினும், உறவினர் எனப்பட்டோர் என்ன பாடினர் எனக் கேட்டோர் மிகச் சிலர். அப்பாடல்கள் உறவு இல்லாவிடினும் கேட்கத்தக்கனவே.

அவர்களுடைய எழுத்து பாட்டுக்காகத் தோன்றியதன்று. உறுக்கு நகரில் ஏறத்தாழக் கி. மு. 3300 அளவில் எழுந்த முதல் ஏடுகள் வாற்கோதுமை, ஆடு, மதுவகை ஆகியவற்றின் கணக்குகளே. நாணற் குச்சியின் நுனியை ஈரமண்ணில் அழுத்த ஆப்பு வடிவான தடம் விழும். அதனால் அவ்வெழுத்து ஆப்பெழுத்து எனப்படும். கணக்கு எழுதிய கை பாட்டு எழுதுதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. கி. மு. 2500 ஐ ஒட்டிய ஏடுகளிலேயே அறிவுரைக் கோவையும் கோயிற் போற்றிப் பாட்டும் முதன்முதற் காணப்படுகின்றன. சுருப்பக்கு என்னும் முதியோன் தன் மகனுக்குக் கூறிய அறிவுரைகள் அவற்றுள் ஒன்று. கொன்றைவேந்தன் ஓதி வளர்ந்த மாணாக்கருக்கு அதன் போக்குப் புதிதாயிராது.

இம்மக்கள் இருந்தனர் என்பதையே உலகம் மறந்திருந்தது. கிரேக்கரும் விவிலிய ஆசிரியரும் பாபிலோனியரையும் அசீரியரையும் அறிவர். சுமேரியரை அவர்கள் தனியே பிரித்தறிந்திலர். பாபிலோனிய ஏடுகளிடையே வேறொரு மொழி விரவியிருப்பதைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் யூல்ஸ் ஒப்பேர்ட், பழைய அரசரின் விருதுப் பெயரை ஆதாரமாகக் கொண்டு, 1869 இல் அதற்குச் சுமேரியம் எனப் பெயரிட்டார். 1877 இல் தெல்லோவிலும் 1889 முதல் நிப்பூரிலும் அகழ்வுகள் தொடங்கின. நிப்பூரிற் கிடைத்த ஏடுகள் இஸ்தான்புல், பிலடெல்பியா, யேனா ஆகிய மூன்று நகரங்களுக்குப் பிரிந்து சென்றன. ஒரு பாட்டின் மேற்பாதி இஸ்தான்புல்லிலும், அதே ஏட்டின் கீழ்ப்பாதி பிலடெல்பியாவிலும் கிடந்த நிலையும் உண்டு. அவற்றைப் பொருத்திப் படிப்பதிலே தம் வாழ்நாளைக் கழித்தவர்களுள் தலையாயவர் சாமுவேல் நோவா கிறேமர் (1897–1990). கலித்தொகையை 1887 இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி அலைந்த வரலாற்றை அறிந்தார்க்கு இவ்வுழைப்பின் அருமை விளங்கும். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தார் 1997 தொடங்கி 2006 வரை நடத்திய தொகுப்புப் பணியில் ஏறத்தாழ 400 சுமேரியப் பனுவல்கள் மொழிபெயர்ப்புடன் ஒழுங்குபடுத்தப்பெற்றன.

இவ்வேடுகளிற் பெரும்பாலானவற்றை எழுதியவர் புலவரல்லர், பள்ளிச் சிறுவர். அவர்கள் எழுதிய காலம் கி. மு. 1800 ஐ ஒட்டியது. அக்காலத்திற் சுமேரியம் வீட்டிலும் வீதியிலும் வழக்கிறந்துவிட்டது. சிறுவர் தாய்மொழியாகப் பேசியது அக்காடியம். பள்ளியிற் கற்றது சுமேரியம். இந்நிலையை விளக்கத் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. களனிக்கு அணித்தாய்ப் பேலியகொடையில் 1875 இல் நிறுவப்பெற்ற வித்தியாலங்காரப் பிரிவேனாவிலே இளந்துறவிகள் ஓதிய பாளியும் சமஸ்கிருதமும் அவருள் எவருக்கும் தாய்மொழியல்ல. ஆயினும் அம்மொழிகளின்றி அவர்தம் கல்வி நிரம்பாது. அப்பிரிவேனா 1959 இற் பல்கலைக்கழகமாகி, 1978 முதற் களனிப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. சுமேரியப் பள்ளியும் இத்தகைய ஒரு கல்விமரபின் கூடமே.

அப்பள்ளியின் பெயர் 'எதுப்பா'. ஏட்டு வீடு என்பது பொருள். அது பெரிய மண்டபமன்று. நிப்பூரில் 1951–52 இல் அகழப்பெற்ற ஒரு சிறு வீட்டில் மட்டும் 1,400 அளவான ஏடுகளும் ஏட்டுத் துண்டுகளும் கிடைத்தன. ஆசிரியர் தம் இல்லத்திலேயே சில பிள்ளைகளை வைத்துக் கற்பித்தார் என்க. நம் திண்ணைப் பள்ளிக்கூடமும் அத்தகையதே. சிறுவன் முதலிற் குறிகளை எழுதுவான், பின்னர்ச் சொற்கோவைகள், பின்னர்ப் பழமொழிகளும் உடன்படிக்கை வாசகங்களும், ஈற்றிலே பாட்டு. உருண்டை வடிவான பயிற்சி ஏட்டின் ஒரு புறத்தில் ஆசிரியர் எழுதிக்கொடுப்பார். மறுபுறத்தில் மாணாக்கன் பார்த்தெழுதுவான். பிழைத்த ஏடுகளை ஊறவைத்து மீண்டும் பிசைதற்கு நிலக்கீல் பூசிய தொட்டி ஒன்று அவ்வீட்டில் இருந்தது. நம் சிறார் மணலில் எழுதி அழித்த செயலே அங்குக் களிமண்ணில் நிகழ்ந்தது.

பள்ளி வாழ்க்கையையே பொருளாகக் கொண்ட பாட்டொன்று உண்டு. சிறுவன் ஒருவன் பள்ளிக்குப் பிந்திச் செல்கிறான், அடி விழுகிறது. பேசியதற்கு அடி, எழுந்து நின்றதற்கு அடி, கையெழுத்து நன்றாயில்லாமைக்கு அடி. நம் சட்டாம்பிள்ளையை ஒத்த மூத்த மாணாக்கனும் அங்கே உளன். மனம் நொந்த சிறுவன் ஆசிரியரை வீட்டுக்கு அழைக்குமாறு தந்தையை வேண்டுகிறான். ஆசிரியருக்கு விருந்தும் புத்தாடையும் மோதிரமும் கிடைக்கின்றன. அதன்மேல் அச்சிறுவனைப் போல் அறிவுடையோன் எவருமிலன் என அவர் வாழ்த்துகிறார்! ஆசிரியரை நகையாடும் இப்பாட்டையே ஆசிரியர்கள் தம் மாணாக்கருக்குப் பாடமாகக் கொடுத்தனர் என்பது வியப்பே.

பள்ளிப் பனுவல்கள் பலவற்றின் ஈற்றிலே நிசாபா என்னும் தெய்வம் போற்றப்படும். நிசாபா எழுத்துக்கும் தெய்வம், தானியத்துக்கும் தெய்வம். விசயதசமியன்று ஏடு தொடக்கும்பொழுது தட்டிற் பரப்பிய பச்சரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவிக்கும் மரபினர்க்கு, இவ்விரண்டும் ஒரு தெய்வத்தின்பாற் பொருந்தியமை புதுமையாகத் தோன்றாது. இதனையும் இனவுறவுக்குச் சான்றாகக் கொள்வது பிழை. உழவினாற் பெருகிய நெல்லையும் கோதுமையையும் கணக்கிட எழுத்துக் கற்ற மக்கள் இரண்டையும் ஒருங்கே வணங்குதல் இயல்பு.

உலகில் முதன்முதற் பெயர் தெரியவந்த புலவர் ஒரு பெண். அக்காத நாட்டுப் பேரரசன் சார்கோனின் மகளும் ஊர் நகரத்துச் சந்திரக் கடவுள் நன்னாவின் தலைமைப் பூசகியுமாகிய என்ஹெதுவன்னா, கி. மு. 2300 ஐ ஒட்டி வாழ்ந்தவள். அவள் உருவமும் பெயரும் பொறித்த வெண்கல் வட்டு ஒன்றைச் சேர் லெனாட் வூலி ஊர் நகரில் அகழ்ந்தெடுத்தார். நாட்டிலுள்ள கோயில்களை ஒவ்வொன்றாய் விளித்துப் போற்றும் 42 பாட்டுக்கள் அடங்கிய தொகை அவள் பெயராலே வழங்குகிறது. திருக்கேதீச்சரமும் திருக்கோணமலையும் தேவாரம் பெற்ற தலங்கள் எனப் பெருமை கொள்ளும் ஈழத்துச் சைவருக்கு, கோயில்தோறும் ஒரு பாட்டு என்னும் நெறியின் சுவையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கிளர்ச்சியாளனாற் பதவியிழந்து துரத்தப்பட்டபொழுது அவள் இனான்னா தேவியிடம் முறையிட்ட பாட்டு ஏறத்தாழ 150 அடிகளையுடையது. தான் பணிசெய்த நன்னா வாய் திறவாதிருந்ததை அவள் அதிலே மறைக்கவில்லை. நமக்குக் கிட்டிய படிகள் அவள் காலத்துக்கு ஐந்நூறு ஆண்டுகள் பிற்பட்டவை. ஆதலின் இவை அவளே யாத்தனவோ என ஐயுறும் அறிஞரும் உளர்.

வாதுப் பாட்டு என்பது சுமேரியர் மிக விரும்பிய வகை. கோடையும் மாரியும் வாதிடும். ஆடும் தானியமும் வாதிடும். மண்வெட்டியும் ஏரும் வாதிடும். ஏர் தன் குலப்பெருமை கூறி, அரசனே தன்னைக் கைதொட்டுப் பிடிப்பான் எனச் செருக்குறும். மண்வெட்டியோ, தான் ஆண்டு முழுதும் உழைப்பதையும் வாய்க்கால் வெட்டுவதையும் செங்கல்லுக்கு மண் குழைப்பதையும் எடுத்துரைக்கும். வெற்றி மண்வெட்டிக்கே. ஏரெழுபது பாடிய மரபினர்க்கு இத்தீர்ப்பு உவப்பாயிராது. ஆயினும் வாய்க்காலின்றி ஏர் என் செய்யும் என்பதை வன்னி நிலத்துக் குளத்து உழவர் அறிவர்.

இனான்னா கீழுலகு சென்ற கதை சுமேரியப் பாட்டுக்களுட் சிறந்தனவற்றில் ஒன்று. விண்ணின் அரசியாகிய அவள் தன் தமக்கை எரேசுகிகால் ஆளும் கீழுலகுக்கு ஏழணி பூண்டு செல்கிறாள். ஏழு வாயில், வாயில்தோறும் ஓரணி பறிக்கப்படுகிறது. ஏன் என வினவும்போதெல்லாம், கீழுலகின் முறை அது எனும் ஒரே விடை வருகிறது. ஈற்றில் அணியும் ஆடையுமின்றி நின்று, பிணமாகி முளையொன்றில் தொங்குகிறாள். அறிவுக் கடவுள் என்கி தன் நகத்து அழுக்கினின்று படைத்த இருவர் அவளை மீட்கின்றனர். ஆயினும் அவளுக்கு ஈடாக வேறோர் உயிரை அங்கே அளித்தல் வேண்டும். தனக்காகத் துக்கங் காத்தோரை அவள் கொடாள். சிறந்த ஆடையுடன் அரியணையில் வீற்றிருந்த கணவன் துமுசியையே காட்டிக்கொடுக்கிறாள். இப்பாட்டு ஒரே சொற்களை வாயில்தோறும் மீட்டும் மீட்டும் கூறுவது. விரைந்து படிப்போர்க்கு அது சலிப்பாகும். ஓதக் கேட்போர்க்கோ அம் மீட்சியே அச்சத்தை வளர்க்கும்.

ஊழி வெள்ளக் கதையும் சுமேரிய ஏட்டிலே காணப்படுவது. நிப்பூரிற் கிடைத்த அவ்வேட்டை ஆர்ணோ பேபல் 1914 இல் வெளியிட்டார். அதில் எஞ்சியது மூன்றிலொரு பங்கே. தெய்வங்கள் மக்களை அழிக்கத் துணிய, என்கி சுவரொன்றின் வாயிலாக அரசன் சியுசுத்திராவுக்கு அதனை அறிவிக்கிறான். ஏழு பகல் ஏழிரவு வெள்ளம் அலைக்கப் பெருங்கலம் மிதக்கிறது. பின்னர்ச் சூரியன் ஒளி வீச அரசன் வீழ்ந்து வணங்குகிறான். பாகவதத்தில் மச்சாவதாரத்தைக் காணும் சத்தியவிரதன் திராவிட நாட்டரசனாகவே கூறப்படுகிறான் என்பதை இங்கு நினைக்கலாம்.

களனியும் தன் வெள்ளக் கதையை உடையது. தேரர் ஒருவர் தன் தேவிக்கு மறைமுகமாய் ஓலை எழுதினார் எனப் பிழைபட எண்ணிய களனித் தீசன், அவரைக் கொல்வித்தான். கடற்றெய்வங்கள் வெகுண்டு நாட்டினுட் கடலைப் புகுத்தின. அரசன் தன் மகளைப் பொற்கலத்திலேற்றிக் கடலிலே விடுத்தான். அவளே பின்னர்த் துட்டகைமுனுவை ஈன்ற விகாரமகாதேவி. இதனை மகாவமிசம் உரைக்கின்றது. இக்கதையிற் குற்றம் யாருடையது என்பதில் ஐயமில்லை. சிலப்பதிகாரத்திலும் அவ்வாறே. மதுரை எரிந்தது பாண்டியன் முறை பிழைத்தமையால். மேலும் மதுராபதித் தெய்வம் கண்ணகிமுன் தோன்றி, கோவலன் முற்பிறவியிற் செய்த வினையையும் காரணமாகக் காட்டுகிறது. அழிவுக்குக் காரணம் கூறாது கதையை முடிக்க இம்மரபுகள் உடன்படா.

சுமேரியர் தம் நகரங்களுக்குப் பாடிய இரங்கற் பாட்டுக்கள் இந்நெறியின் வேறானவை. ஏறத்தாழக் கி. மு. 2004 இல் ஈலம் நாட்டினர் ஊர் நகரை அழித்து, அதன் அரசன் இப்பி-சின் என்பானைச் சிறைகொண்டு சென்றனர். ஊர், எரிது, உறுக்கு, நிப்பூர் என்னும் நகரங்களின் அழிவையும் சுமேர் நாட்டின் அழிவையும் பாடும் ஐந்து இரங்கல்கள் உள்ளன. ஊர் நகருக்கான இரங்கல் 400 அடிகளுக்கு மேற்பட்டது. அதில் நகரின் அன்னையாகிய நிங்கால் தேவி, அழிவு விதிக்கப்பட்டவுடன் தெய்வப் பேரவை முன் சென்று கண்ணீர் பெருக்கி வேண்டுகிறாள். அவளுக்கு இரங்குவார் எவருமில்லை. என்லில் புயலை ஏவுகிறான். பகைவர் படையையே புலவர் புயல் என்கிறார் போலும். வாயில்களிலும் விழாத் தெருக்களிலும் மாந்தர் உடைந்த ஓடுபோற் கிடக்கின்றனர். தேவி தன் நகரிலேயே அயலாளாய் நிற்கிறாள். மதுராபதி காரணம் கூற வந்த தெய்வம்; நிங்கால் காரணம் கேட்டும் பெறாத தெய்வம்.

நகரத்தார் செய்த பிழை யாது என அப்பாட்டுக் கூறவில்லை. சுமேர் நாட்டுக்கான இரங்கலிலே நன்னா தன் நகரின் பொருட்டு என்லிலிடம் வினவும்போது கிடைக்கும் விடையும், அரசுரிமை அந்நகருக்கு வழங்கப்பட்டது, ஆயின் என்றைக்குமாக வழங்கப்படவில்லை என்னும் கருத்தினதே. இதிலே அரசியலும் கலந்திருக்கக்கூடும். இப்பாட்டுக்கள் ஊர் நகரின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கூறிக்கொண்ட ஈசின் வேந்தர் காலத்தன என்பர். முன்னோர் மேற் குற்றஞ் சாட்டுதல் அவர்களுக்கு ஒவ்வாது. எவ்வாறாயினும், இறந்தோர் மேற் பழி சுமத்தாது அவர்க்காக அழுதல் மட்டுமே செய்யும் பாட்டு உலக இலக்கியத்தில் மிகுதியாக இல்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏட்டுச் சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதைக் கண்ட மக்களுக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று.

ஓலை எரிந்தால் நீறாகும். களிமண் ஏடு எரிந்தால் இறுகும். நினிவே நகரம் கி. மு. 612 இல் எரியுண்டபொழுது அரண்மனை நூலகத்து ஏடுகள் பல அத்தீயினாலேயே சுடுமண்ணாகி நிலைத்தன. ஊர் நகரின் இரங்கற் பாட்டோ தீயினாற் காக்கப்பட்டதன்று. அதனைக் காத்தவர் மாணாக்கர். அழிவு நிகழ்ந்து இரு நூற்றாண்டுகளுக்குப் பின், மீளக் கட்டப்பட்ட ஊர் நகரத்து வீடுகளிலும் நிப்பூரிலும் சிறுவர் அதனைப் பார்த்தெழுதினர். அம்மொழி அவர்கள் பேசும் மொழியன்று. அத்துயரையும் அவர்கள் கண்ணாற் கண்டாரல்லர். கி. மு. 1740 ஐ ஒட்டி நாட்டிற் கலகம் மூள, தென்னாட்டு நகரங்களை விட்டு மக்கள் நீங்கத் தொடங்கினர், பள்ளிகளும் மறைந்தன. நிப்பூர் வீட்டுக்காரர் முன்னரே ஏடுகள் பலவற்றைத் தளத்திலும் சுவரிலும் திண்ணையிலும் செங்கல்லுக்குப் பதிலாக வைத்துப் பூசியிருந்தனர். அகழ்ந்தோர் அவற்றை அவ்விடங்களிலிருந்தே பெயர்த்தெடுத்தனர்.